எண்பத்தெட்டாம் பக்கத்துப் பூட்டு

மார்ச் 3

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஒருவரையொருவர் குறை சொல்லும் அளவுக்குத் தெம்போடு இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பார்சல் வந்தது. நாவல் என்றாய், ஏதோ நோட்டுப் புத்தகம் அளவுக்கு இருக்கும் என்று நினைத்தேன். கூரியர்காரர் இரண்டு கையாலும் தூக்கி வந்தார். உன் அம்மா வாங்கி எடை பார்த்துவிட்டு, "அவ பொறந்தப்போ இதைவிடக் கொஞ்சம்தான் கூட இருந்தா" என்றாள்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில் நின்ற காது இது. யார் பேசினாலும் மோட்டார்தான் கேட்கிறது. போன் உன் அம்மா கைக்குப் போனால் திரும்பி வருவதும் இல்லை. அதனால் கடிதம்.

அறுபது பக்கம் முடித்திருக்கிறேன். நான் பத்தாம் வகுப்பையே இரண்டு தடவை படித்தவன். உன் நாவலிலும் சில பக்கங்களை அப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. கதாநாயகன் லிஃப்ட் மெக்கானிக். பொத்தான் மாதிரி குட்டை, உருண்டை, வாய் ஓயாது. எங்கேயோ பார்த்த ஆள் மாதிரி இருக்கிறான். அவனுடைய சிநேகிதன் நெட்டை, ஒல்லி. லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்ட்டுக்குள் போய் வந்தால் தலை நிறைய ஒட்டடையோடு வருகிறான். அவனும் தெரிந்த ஆள்தான்.

இனி தப்புகள். பக்கம் 12: கயிறு அறுந்து லிஃப்ட் விழுகிறது. அம்மாடி, லிஃப்ட்டுக்கு ஒரு கயிறா இருக்கும்? நாலைந்து இருக்கும். அத்தனையும் அறுந்தாலும் பெட்டிக்கு அடியில் ஒரு கவ்வி உண்டு, தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்திவிடும். என் சர்வீஸில் ஒரு லிஃப்ட் விழவில்லை. நீ பன்னிரண்டாம் பக்கத்திலேயே விழவைத்துவிட்டாய். பக்கம் 31: மெக்கானிக் ஷாஃப்ட்டுக்குள் நின்றுகொண்டு நிலாவைப் பார்க்கிறான். எந்த ஜன்னல் வழியாக? பக்கம் 47: துயரம் தாங்காமல் சட்டைக் கையால் கண்ணைத் துடைக்கிறான். கிரீஸ் சட்டையால் கண்ணைத் துடைத்தவனுக்குத் துயரப்பட நேரம் இருக்காது, கண் டாக்டரிடம் ஓட வேண்டியிருக்கும்.

முதல் பக்கத்துச் சமர்ப்பணத்தையும் பார்த்தேன். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
கண்ணாடி மாற்ற வேண்டிய உன் அப்பா


மார்ச் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சௌக்கியமா? இங்கே அவருக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. உங்கள் கடிதம் படித்து எனக்குத் தலைவலி வந்திருக்கிறது.

நாலு வருஷம் எழுதிய நாவல் அப்பா இது. நீங்கள் கயிற்றை எண்ணுகிறீர்கள். சரி, கவ்வி வைத்துவிட்டேன். நிலாவை எடுத்துவிட்டேன். நான் உங்களிடம் கேட்டது ஒன்பதாம் அத்தியாயத்தைப் பற்றி.

எனக்கு ஒன்பது வயதில் நடந்ததை யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. காதில் விழுந்தது இவ்வளவுதான். உங்கள் சிநேகிதர் ஒட்டடை மாமா மெயின் சுவிட்சில் பூட்டுப் போட மறந்துவிட்டு லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் வேலை பார்த்தார். நீங்கள் அது தெரியாமல் சுவிட்சைப் போட்டீர்கள். அவருக்கு வலது கையில் மூன்று விரல் போனது, வேலையும் போனது. "கவனமில்லாத ஆளோட சகவாசம் வேண்டாம்" என்று நீங்கள் சொன்னீர்கள். அதோடு அவர் பேச்சே நம் வீட்டில் நின்றுபோனது. மறதி அவருடையது, அதன் பாரம் உங்களுக்கு. அதைத்தான் எழுதியிருக்கிறேன். கடைசி அத்தியாயத்தில் மெக்கானிக் சிநேகிதனைத் தேடிப் போய் மன்னிக்கிறான். எழுதும்போது அழுதேன். கையால்தான் துடைத்தேன், கிரீஸ் இல்லை.

ஜூலையில் அச்சுக்குப் போகிறது. இன்னொரு சமாச்சாரம். ஒட்டடை மாமாவின் விலாசத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அச்சுக்கு முன்னால் அவருக்கும் ஒரு பிரதி அனுப்பப் போகிறேன். அதைப் படித்துவிட்டு அவர் உங்களுக்கு ஒரு வரி எழுதினால், இந்த நாவல் எழுதியதற்கு எனக்கு அது போதும்.

ஒன்பதாம் அத்தியாயம், அப்பா. கயிறு வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்


மார்ச் 21

மகளுக்கு,

அனுப்பாதே. மறந்துவிடுவேன் என்று நலம் விசாரிப்பதற்கு முன்பே எழுதிவிட்டேன். இப்போது விசாரிக்கிறேன். நலமா? இங்கே நலம்.

அவனுக்குப் படிக்கிற பழக்கமே கிடையாது. இருந்தாலும் இந்நேரம் கண் தெரியாமல் போயிருக்கும். தெரிந்தாலும் வீடு மாறியிருப்பான். வீணாக எதற்கு.

சமர்ப்பணத்தையும் எடுத்துவிடு. 'மன்னிக்கத் தெரிந்த என் அப்பாவுக்கு' என்று போட்டிருக்கிறாய். எனக்கு மன்னிக்கத் தெரியும் என்று உனக்கு யார் சொன்னது? ஈரத் துணியைக் காயப்போட்டு என் நாற்காலி மேல் சொட்டவிட்ட மாடி வீட்டுக்காரரோடு எட்டு மாசம் பேசாமல் இருந்தவன் நான். உன் அம்மாவுக்குப் போடு. மாப்பிள்ளைக்குப் போடு. அவர் முதுகுவலிக்குப் போடு.

முழுவதும் படித்துவிட்டேன். தப்புகள் மொத்தம் நாற்பத்தொன்று. தனித்தாளில் எழுதி, தேவைப்பட்ட இடத்தில் படமும் போட்டு இணைத்திருக்கிறேன். பூட்டுப் போடுகிற முறையை மட்டும் சரியாக எழுதியிருக்கிறாய். ஷாஃப்ட்டுக்குள் இறங்குகிறவன் மேலே மோட்டார் ரூமில் மெயினை அணைத்து, சுவிட்சில் தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். அவன் பூட்டை அவன்தான் எடுக்கலாம். மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது.

ஆனால் பக்கம் 88ல் மெக்கானிக்கின் பூட்டில் பச்சைப் பெயிண்டில் ஒரு கோடு என்று இருக்கிறது. கோடு வேண்டாம். பச்சையே வேண்டாம். வெறும் பூட்டு என்று போடு.

அப்பா


ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்களுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டதா?

உங்கள் திருத்தப் பட்டியலை இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். நாற்பதுக்குக் காரணம் எழுதியிருக்கிறீர்கள். கதவு உருளைக்கு மூன்று கோணத்தில் படம். பச்சைக் கோட்டுக்கு மட்டும் காரணம் இல்லை. அடியில் இரண்டு கோடு, பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி.

அது நான் கற்பனை செய்ததில்லை. உங்கள் கருவிப் பெட்டியின் அடித்தட்டில் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பூட்டு உண்டு. அதை ஒருநாள் எடுத்து விளையாடினேன். பிடுங்கிக்கொண்டு கையை ஓங்கினீர்கள். நீங்கள் என்னை அடிக்க வந்தது அந்த ஒரு தடவைதான். அதனால்தான் அது மனதில் தங்கி, நாவலிலும் மெக்கானிக்கின் பூட்டாக வந்துவிட்டது.

உங்கள் கடிதம் வந்த பிறகு யோசித்துப் பார்த்தேன். உங்கள் பூட்டில் இருந்தது அம்மாவின் சிவப்பு நகப்பூச்சு. பூசியது நான். பச்சைப் பெயிண்ட் ஒட்டடை மாமாவுடையது. சைக்கிள் கைப்பிடி, டிபன் டப்பா மூடி, குடைக்காம்பு என்று அவருடைய எல்லாச் சாமான்களிலும் ஒரு கோடு இழுத்து வைத்திருப்பார், யாரும் மாற்றி எடுத்துப் போகக்கூடாது என்று.

அன்றைக்குப் பூட்டே போடாத ஆளின் பூட்டு நம் வீட்டுக்கு எப்படி வந்தது?

இதற்கு மட்டும் பதில் போடுங்கள். படம் வேண்டாம்.

மகள்


ஏப்ரல் 11

அன்பு மகளுக்கு,

எல்லோரும் நலம். உன் அம்மாவின் முழங்கால் நலம், இறங்கும்போது மட்டும் கொஞ்சம் வலி. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, வாஷர் மாற்ற வேண்டும். வெயில் ஏறிவிட்டது. மாடி வீட்டுக்காரர் சொட்டாத கொடி ஒன்று வாங்கியிருக்கிறார். புதுக் கண்ணாடியில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, அதிலும் ஒரு சௌகரியமும் இல்லை.

பூட்டு என்று ஏதோ கேட்டிருந்தாய். கருவிப் பெட்டியை முழுக்கக் கொட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு பூட்டு இல்லை. சின்ன வயசில் பார்த்தது, குழம்பியிருப்பாய்.

குழாயைப் பார்க்கப் போகிறேன்.

அப்பா


மே 20

செல்லத்துக்கு அம்மா எழுதுவது. நல்லா இருக்கியா.

எனக்கு உங்கப்பா மாதிரி வளர்த்து எழுத வராது. நீ அவரிடம் என்ன கேட்டாய்? ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது, தினமும் உட்கார்ந்து எழுதுகிறார், கிழிக்கிறார். கேட்டால் "கயிறு பத்தி எழுதறேன்" என்கிறார். அவ்வளவு கயிறு எந்த லிஃப்ட்டில் இருக்கிறது? குழாய் இன்னும் ஒழுகுகிறது. பழைய பூட்டு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். கனம் தாங்காமல் பை கிழிந்துவிட்டது. நான்தான் தைத்தேன். பச்சையாக ஏதோ பெயிண்ட் இருக்கிறது அதில்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அம்மா


ஜூன் 2

அன்பு மகளுக்கு,

நலமா? நான் நலமில்லை. டாக்டரிடம் காட்டுகிற மாதிரி எதுவும் இல்லை.

ஏப்ரலில் அப்படி ஒரு பூட்டு இல்லை என்று எழுதினேன். அது பொய். நாற்பத்திரண்டாவது திருத்தம் என்று வைத்துக்கொள்.

நானும் ஒட்டடையும் பூட்டுப் போட ஒருநாளும் மறந்ததில்லை. எடுக்கத்தான் மறப்போம். வேலை முடிந்து, லிஃப்ட் கூரையிலிருந்து இறங்கி, டீ குடிக்கப் போய், அப்படியே வீட்டுக்குப் போய்விடுவோம். எட்டு மாடிக் கட்டிடம் முழுக்க எங்களைத் திட்டிக்கொண்டே படியேறும். ஒரு தடவை நான் மறந்ததற்கு அவன் சைக்கிளில் என் வீடு வரைக்கும் வந்து சாவி வாங்கிப் போனான். அன்றைக்குத்தான் அந்த ஏற்பாடு. என் பூட்டின் மாற்றுச் சாவி அவனிடம், அவன் பூட்டின் மாற்றுச் சாவி என்னிடம். கம்பெனிக்குத் தெரிந்தால் இரண்டு பேரையும் அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு அதில் ஒரு பெருமை. ஒருத்தன் உயிர் இன்னொருத்தன் பையில் இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்போம்.

அன்றைக்குச் சாயங்காலம் நாலரை மணி. மோட்டார் ரூமுக்குப் போனேன். சுவிட்சில் பச்சைக் கோடு போட்ட பூட்டு தொங்கியது. கீழே நாலைந்து பேர் லிஃப்ட் வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல மறந்துவிட்டு டீக்குப் போய்விட்டான் என்று நினைத்தேன். ஷாஃப்ட்டுக்குள் எட்டிப் பார்த்து ஒரு குரல் கொடுக்க அரை நிமிஷம் ஆகும். கொடுக்கவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டேன், பூட்டை எடுத்தேன், சுவிட்சைப் போட்டேன். கீழே யாரோ பொத்தானை அழுத்தினார்கள்.

அவன் அஞ்சாவது மாடியில் பெட்டியின் கூரை மேல் இருந்தான். கூரையிலும் ஒரு நிறுத்துகிற சுவிட்ச் உண்டு. அந்தக் கட்டிடத்தில் அது பழுது. அதனால் பூட்டை மட்டும் நம்பி ஏறியிருக்கிறான். அவன் அலறியது எனக்குக் கேட்டது. அப்போது எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அவனைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது பூட்டு என் பையில் இருந்தது. திரும்ப மாட்டத் தோன்றவில்லை. அதுவரைக்கும் பதற்றம் என்று சொல்லலாம். ஆனால் பத்து நாள் கழித்து விசாரணை. கையில் கட்டோடு அவன் ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம். "பூட்டு போட்டியா?" என்று அதிகாரி கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் மேஜை விசிறியைப் பார்த்தேன். ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மறந்துட்டேன் சார்" என்றான்.

அவன் வேலை போனது. அடுத்த வருஷம் என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள், கவனமான ஆள் என்று.

அவன் மேல் எனக்குக் கோபம் என்று நீ எழுதியிருக்கிறாய். உன் அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள். கோபம் இல்லை மகளே. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இனி உன் இஷ்டம். என்ன வேண்டுமானாலும் எழுது.

அப்பா


ஜூன் 12

அப்பாவுக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதிப்பகத்துக்கு எழுதிவிட்டேன், ஜூலையில் அச்சு இல்லை.

"உன் இஷ்டம், என்ன வேண்டுமானாலும் எழுது" என்கிறீர்கள். என்ன எழுதுவது? நான் அழுதுகொண்டே நாலு வருஷம் எழுதிய மன்னிப்பு முழுக்கத் தப்பான விலாசத்துக்குப் போயிருக்கிறது.

ஒன்று உங்களுக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. விபத்து நடந்த அந்த மாசம். பள்ளிக்கூடம் விட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள். எதிரே ஒட்டடை மாமா. நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் போனீர்கள். அவர் கட்டுப் போட்ட கையைத் தூக்கி எனக்குக் காட்டினார். என்னைத் தோளில் தூக்கி, சீலிங் விசிறியைத் தொடவைத்த மனுஷர். நான் பதிலுக்குக் கை காட்டவில்லை. அப்பாவுக்கு ஆகாத ஆள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உங்களுக்காக அவரை வெறுத்தேன் அப்பா. ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் வெறுத்தேன்.

நாவலைத் திருத்தி எழுதி, அதை அவருக்கு அனுப்பி, உங்கள் சார்பில் நான் மன்னிப்புக் கேட்பேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். நாற்பத்தொரு தப்பு கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியும். விலாசம் தனித்தாளில் இருக்கிறது. அம்மாவிடமும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு உங்கள் மேல் கோபம். அது தீரும்போது எழுதுகிறேன்.

மகள்


ஜூன் 25

ஒட்டடைக்குப் பொத்தான் எழுதுவது.

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். நலமா? வீட்டில் தங்கச்சி நலமா?

நீ பூட்டுப் போட்டிருந்தாய். நான் எடுத்தேன். விசாரணையில் நீ என்னைப் பார்த்தபோது நான் மேஜை விசிறியின் கூண்டில் கம்பி எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு. இருபத்தாறு வருஷமாக அந்த எண்ணிக்கை மறக்கவில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை இல்லை. தப்பு என்னுடையது என்று என் கையெழுத்தில் உன்னிடம் இருக்கட்டும்.

உன் பூட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

பொத்தான்


ஜூலை 30

டேய் பொத்தான்,

நாங்கள் ரெண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் இருப்பது உன் கடிதத்தால் தெரிந்தது.

கோணல் மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, இடது கை. வேலை போன முதல் வருஷம் இந்தக் கையால் எழுதப் பழகினேன். பழகி முதலில் எழுதியதே உனக்குத்தான். மொத்தம் ஆறு கடிதம். ஒன்றுக்குக்கூட நீ பதில் போடவில்லை. ஆறாவது கடிதத்தில் கையெழுத்து எவ்வளவு தேறியிருந்தது என்றாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்.

விசிறிக் கம்பி முப்பத்தாறு இல்லை. முப்பத்திரண்டு. நீ வாயைத் திறப்பாய் என்று காத்திருந்தபோது நானும் அதைத்தான் எண்ணினேன்.

சாவி மாற்றிக்கொண்டது வெளியே வந்தால் ரெண்டு பேர் வேலையும் போகும். என் கை எப்படியும் போய்விட்டது, உன் வேலையும் எதற்குப் போக வேண்டும் என்று நினைத்தேன். மறந்துட்டேன் என்று சொன்னது நான், அதற்கு உன்மேல் பழி போட மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் நீ வீட்டுக்கு வருவாய் என்று நினைத்தேன். நீ தெருவைத் தாண்டிப் போனாய், பாப்பாவையும் இழுத்துக்கொண்டு.

விரல் இல்லாதது பழகிவிட்டது. பழகாதது ஒன்று இருக்கிறது. பூட்டுப் போட மறந்த ஆள் என்று என் வீட்டுக்காரி அன்றைக்கு நம்பினாள். இன்றைக்கு வரைக்கும் நான் கேஸை மூடினால் அவள் போய் ஒரு தடவை பார்க்கிறாள். குழாயை மூடினால் பார்க்கிறாள். வாசல் கதவைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்க்கிறாள். வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டாள். இழுத்துப் பார்ப்பாள். இருபத்தாறு வருஷம். எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டலாம். காட்ட மாட்டேன். நீ வந்து உன் வாயால் சொல்லு. பூட்டையும் எடுத்துக்கொண்டு வா, அது என்னுடையது.

ஒட்டடை


ஆகஸ்ட் 16

அன்பு மகளுக்கு,

நலமா? கோபம் எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று தெரியவில்லை. கால்வாசி தீர்ந்திருந்தால் மேலே படி.

முதலில் உன் அம்மாவிடம் சொன்னேன். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் ஒரு தாளை நீட்டினாள். "அந்த மனுஷனைப் பத்தி நான் கேவலமா பேசின ஆளுங்க பேரு. ஒவ்வொரு வீடா போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள். பதினேழு பேர். மூன்று பேர் உயிரோடு இல்லை. "அவங்களை என்ன பண்றது?" என்றேன். "அவங்க பிள்ளைங்க இருக்காங்கல்ல" என்றாள். ஆறு வீடு முடிந்திருக்கிறது.

போன வாரம் ஒட்டடையைப் பார்க்கப் போனேன். பஸ்ஸில் ஏழு மணி நேரம். அவன் வீடு நாலாவது மாடி. லிஃப்ட்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. எனக்கு இது வேண்டியதுதான் என்று படியேறினேன். கதவைத் திறந்தான். அதே உயரம், தலை மட்டும் முழுக்க வெள்ளை, நிரந்தரமாக ஒட்டடை படிந்த மாதிரி.

"லிஃப்ட்டைச் சரி பண்ணிட்டே வந்திருக்கலாம்லடா" என்றான்.

அவன் மனைவி நாற்காலியைத் தள்ளிப் போட்டு, "உட்காருங்கண்ணா" என்றாள். சொல்லிவிட்டு உட்காருகிறேன் என்று நின்றபடியே பூட்டையும் மாற்றுச் சாவியையும் மேஜைமேல் வைத்தேன். வழியெல்லாம் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இரண்டு வரிதான். "அன்னைக்கு அவன் பூட்டுப் போட்டிருந்தாம்மா. நான்தான் எடுத்தேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் மறந்துட்டேன்னுதானே சொன்னீங்க."

"ஆமா."

"என்கிட்டயுமா?"

"சொன்னா நீ இவன் வீட்டு வாசல்ல போய் நின்னிருப்ப."

"நின்னிருப்பேன்" என்றாள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள். "உங்களை என்ன சொல்றதுன்னு எனக்கு இப்போ தெரியலைண்ணா. யோசிச்சுச் சொல்றேன். டீ குடிங்க."

உன் கடைசி அத்தியாயத்தில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள் அல்லவா? அப்படி ஒன்றும் நடக்கவில்லை. டீயில் அவள் சர்க்கரை போடவில்லை. மறந்தாளா, வேண்டுமென்றேவா, தெரியாது. கேட்காமல் குடித்தேன். ஒட்டடை பூட்டை எடுத்து, இடது கையால் சாவியைப் போட்டுத் திருப்பினான். ஒரே திருப்பில் திறந்தது.

"எண்ணெய் போட்டு வெச்சிருக்கியா?"

"மாசத்துக்கு ஒரு தடவை."

"பூட்டுக்கு எண்ணெய் போட நேரம் இருந்திருக்கு. ஒரு கார்டு போட நேரமில்லை" என்றான். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு மணி நேரம் என்னைத் திட்டினான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் என் ரொம்ப மந்தமான காதுப் பக்கம் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தான், நடுவில் தெரிந்ததும் எழுந்து இந்தப் பக்கம் வந்து முதலிலிருந்து தொடங்கினான்.

பஸ் ஏற்றிவிட இரண்டு பேரும் கிளம்பினார்கள். அவன் வாசல் கதவைப் பூட்டினான். அவள் கை தானாகப் பூட்டுக்குப் போனது. பாதியில் நின்றது. அப்படியே கையை இறக்கிக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி ஏதோ செய்துவிட்டு, படியில் இறங்கத் தொடங்கினாள். அவன் பூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். "வாடா" என்றேன். "இரு, வர்றேன்" என்றான். வர நேரமானது.

பஸ்ஸில் ஏறப்போகும்போது அவள் என்னிடம், "டிக்கெட் எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள். எடுத்துக்கொண்டேன் என்றேன். "எங்க, காட்டுங்க" என்றாள். எடுத்துக் காட்டினேன்.

உன் நாவலைப் பற்றிச் சொன்னேன். ஒன்றே ஒன்று கேட்டான். "முதல் பக்கத்துல உன் பேருக்குப் போட்டிருக்காளாமே, அதை எனக்குப் போடச் சொல்லு. மன்னிக்கிறது கின்னிக்கிறது எல்லாம் வேண்டாம். 'பூட்டுப் போட்டவருக்கு'ன்னு போட்டா போதும்." பாப்பாவை ஒருநாள் வரச் சொன்னான். வீட்டில் சீலிங் விசிறி இருக்கிறதாம், இப்போது உனக்கு அவன் உதவி தேவைப்படாதாம்.

ஒன்பதாம் அத்தியாயத்தை மாற்று. கடைசி அத்தியாயத்தையும் மாற்று. கவ்வியை மட்டும் மாற்றாதே, அது சரியாக இருக்கிறது.

நேற்று நானும் உன் அம்மாவும் ஏழாவது வீட்டுக்குக் கிளம்பினோம். கேஸை மூடினேன். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வாசலைப் பூட்டினேன். அவள் கிட்டே வந்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். இழுத்துப் பார்த்து முடிக்கிற வரைக்கும் பேசாமல் நின்றேன்.

உன் அப்பா